ஓட்டைக் கப்பலில் வந்த குதிரைகள்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் பஸ்ஸில் வந்தால் ஆத்தூருக்கு முன்னால் முக்காணி, அதற்கும் முன்னால் பழையகாயல். உப்பளங்களுக்கு நடுவே இருக்கும் இந்த ஊரில் கால்டுவெல் மண்ணைக் கிளறிப் பார்த்து, சீனப் பீங்கான் துண்டுகளைக் கண்டார். மார்க்கோ போலோ எழுதிய 'காயல்' துறைமுகம் இதுதான் என்று சொன்னவரும் அவரே.

போலோ இந்தக் கரைக்கு வந்தது 1292, 1293 வாக்கில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம். அவர் முத்துக்குளிப்பு பற்றி எழுதியதை நம் பக்கத்தில் எல்லோரும் மேடைக்கு மேடை சொல்லிவிட்டார்கள். கப்பல்களைப் பற்றி எழுதியதை யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் சுவையாகப் படுகிறது.

ஹோர்முஸ், கிஷ், ஏடன் பகுதிகளிலிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் காயலுக்கு வந்துகொண்டிருந்தன. ஹோர்முஸில் கட்டும் கப்பலைப் போலோ கழுவிக் கழுவி ஊற்றுகிறார். இரும்பு ஆணியே கிடையாது. அங்குள்ள மரம் ஆணி அடித்தால் மண்சட்டி மாதிரி விரிந்துவிடுமாம். அதனால் மர முளை அடித்து, தென்னை நார்க் கயிற்றால் பலகையோடு பலகையைத் தைக்கிறார்கள். கீல் பூசுவதில்லை, மீன் எண்ணெய் தடவுவதோடு சரி. ஒரே பாய்மரம், ஒரே சுக்கான், மேல்தளம் கிடையாது. சரக்கின் மேல் தோலை விரித்து, அதன் மேல் குதிரைகளை நிறுத்திவிடுகிறார்கள். இந்தக் கப்பலில் ஏறுவதே ஆபத்து, பல மூழ்கிப்போகின்றன என்கிறார். சீனாவுக்குப் போகும்போது ஹோர்முஸ் வரை வந்தவர் கடல்வழியை விட்டுத் தரைவழியே போனதற்கு இந்தக் கப்பல்கள்தான் காரணமாக இருக்கும் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிழைக்கத் தெரிந்த மனிதர்!

அதே போலோ சீனக் கப்பலைப் புகழ்கிறார். இரட்டைப் பலகை, இரும்பு ஆணி. சுண்ணாம்பும் நறுக்கிய சணலும் மர எண்ணெயும் சேர்த்து இடித்து, உள்ளும் புறமும் பூசுகிறார்கள். பெரிய கப்பல்களில் அடிப்பகுதியைப் பதின்மூன்று அறைகள் வரை தடுத்திருப்பார்கள். பாறையிலோ திமிங்கிலத்திலோ மோதி ஓட்டை விழுந்தால், எந்த அறையில் தண்ணீர் என்று பார்த்து, சரக்கை அடுத்த அறைக்கு மாற்றிவிட்டு ஓட்டையை அடைப்பார்கள். ஓடி முடித்த கப்பலுக்கு மேலே இன்னொரு அடுக்குப் பலகையும் அடிப்பார்கள்.

ஆக, ஒழுகாத கப்பல் கட்டும் வித்தை அன்றைக்கே இருந்தது. போலோ எழுத்துப்படி சீனக் கப்பல்கள் மலபார்க் கரை வரை வந்து போய்க்கொண்டுமிருந்தன. பிறகு ஏன் குதிரை வியாபாரிகள் மாறவில்லை?

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியதில் ஒரு விடை கிடைக்கிறது. கிஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1400 குதிரைகளைத் தமிழ்க் கரைக்கு அனுப்ப வேண்டும். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். வழியில் குதிரைக்குக் காயம் பட்டாலும், செத்தே போனாலும், விலையைப் பாண்டியன் கஜானா கொடுத்துவிடும்! 1400 குதிரைக்குக் கணக்குப் போட்டால் 3,08,000 தினார். கரை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் பணம் வந்துவிடும். இதில் இன்னொன்று: பாண்டியரிடம் அமைச்சராக இருந்து, காயல் உள்ளிட்ட துறைமுகங்களைக் கையில் வைத்திருந்த தகியுத்தீன், அந்த ஜமாலுத்தீனின் சகோதரர். விற்பவர் அண்ணன் தம்பியில் ஒருவர், வாங்கும் பக்கம் மற்றவர். இப்படி இருந்தால் கப்பலுக்கு இன்னொரு அடுக்குப் பலகை அடிக்க யார் காசு செலவழிப்பார்கள்? இது என் ஊகம்தான். ஆனால் அரசாங்க ஒப்பந்தங்களைப் பார்த்த எவருக்கும் இது புரியும்.

தைத்த கப்பல் என்றாலே மட்டம் என்றும் சொல்லிவிட முடியாது. சோழமண்டலக் கரையில் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் இறக்கிய மசூலாப் படகுகள் தைத்தவைதான். ஆணி அடித்த படகு மணலில் மோதினால் விரிசல் விடும். தைத்தது வளைந்து கொடுக்கும். 1980இல் ஓமானிலிருந்து சீனாவுக்குப் புறப்பட்ட 'சோஹார்' கப்பலையும், 2010இல் மஸ்கட்டிலிருந்து கொச்சி, காலி வழியாகச் சிங்கப்பூர் போன 'ஜூவல் ஆஃப் மஸ்கட்'டையும் பழைய முறைப்படி ஆணியில்லாமல் கயிற்றால்தான் கட்டினார்கள். இரண்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. சோஹாருக்கு மரம் மலபாரிலிருந்து, கயிறு லட்சத்தீவிலிருந்து. முறையில் கோளாறு இல்லை, செய்நேர்த்தியில்தான்.

நம் தூத்துக்குடித் தோணிக்காரர்களுக்கு இது தெரியும். புது மரக்கலத்தைத் தண்ணீரில் இறக்கியதும் கசியத்தான் செய்யும். பலகை ஊறி உப்பினால் இடுக்கு தானே மூடிக்கொள்ளும். அப்படியும் நிற்காத கசிவு கலப்பத்துக் கோளாறு. பஞ்சைத் திரித்து உளி வைத்து அடித்தவர் எங்கோ கை தளர்த்தியிருக்கிறார். அது தோணிக்காரரின் சொந்தக் காசு, தோணியில் போவதும் அவர் ஆட்கள். கசிவு நிற்கும் வரை விடமாட்டார்.

பாண்டியர் போன பிறகும் இந்தக் குதிரைக் கணக்கு ஓயவில்லை. விஜயநகரத்துச் சாளுவ நரசிம்மரைப் பற்றிப் போர்ச்சுக்கீசியர் நூனிஸ் எழுதியிருக்கிறார்: கடலில் செத்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், உயிரோடிருக்கும் குதிரைக்குரிய விலையையே கொடுத்துவிடுவாராம்.