காசும் காஷும்

ஆங்கிலத்தின் 'காஷ்' என்ற சொல் நமது 'காசு' என்பதிலிருந்தே பிறந்தது என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். என் மாணவர்களும் கட்டுரைகளில் தவறாது எழுதுகிறார்கள். ஒலியும் ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறது, வேறென்ன சான்று வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஒலியொப்புமை மட்டும் சொற்பிறப்புக்குச் சான்றாகாது. ஒரு சொல் எக்காலத்தில், எவர் நாவில், என்ன பொருளில் வழங்கியது என்று பார்த்த பிறகே உறவுமுறை பேசவேண்டும். கலியாணத்துக்குக் குலங்கோத்திரம் விசாரிக்கிற நாம் சொல்லுக்கு மட்டும் அதை விட்டுவிடுவதேன்?

'காஷ்' ஆங்கிலத்தில் தலைகாட்டுவது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில். அப்போது அது பணப்பெட்டியையும் குறித்தது. லத்தீனில் 'கப்ஸா' என்றால் பெட்டி. அதன் வழிவந்தவை இத்தாலியரின் 'காஸ்ஸா'வும் பிரெஞ்சுக்காரரின் 'கெஸ்'ஸும். அங்கிருந்தே ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். பெட்டியின் பெயர் உள்ளே கிடந்த நாணயத்துக்கு ஆகிவந்தது; நம் இலக்கணப்படி இது ஆகுபெயர். 18ஆம் நூற்றாண்டில் பெட்டி என்ற பொருள் உதிர்ந்துபோயிற்று. மருந்துக் கடையில் வாங்கும் 'கப்சியூல்' கூட இக்குடும்பத்துப் பிள்ளைதான்: சின்னஞ்சிறு பெட்டி. கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியதோ 1600இல். சென்னையில் அது இடம் பெற்றது 1639இல். சோழமண்டலக் கரையில் காசு எண்ணிப் பழகுமுன்பே ஆங்கிலேயரிடம் இச்சொல் இருந்தது.

இவ்வளவுதான் கதையென்றால் இதைப் பேசவே வந்திருக்கமாட்டேன். ஆங்கில அகராதியில் இன்னொரு 'காஷ்' தனியே பதிவாகியிருக்கிறது. அதுதான் நம்முடையது.

'நாள், மலர், காசு, பிறப்பு' என்று வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு வாய்பாடு படித்தவர்களுக்குக் காசின் பழமையைச் சொல்லவேண்டியதில்லை. சங்கப் பாடல்களில் அது பொன்னணியில் கோத்த மணியையும் குறிக்கும். 10ஆம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுகளில் 'ஈழக்காசு' என்றே ஒரு நாணயம் வருவது நமக்குச் சுவையான செய்தி. இச்சொல்லைச் சமஸ்கிருதக் 'கர்ஷ' என்னும் நிறையளவையோடு இணைப்போரும் உளர். அது வேறு வழக்கு.

போர்த்துக்கேயர் இக்காசைக் கேட்டு 'கைஷா' என்று எழுதிக்கொண்டனர். அவர்கள் மொழியில் 'கைஷா' என்றாலும் பெட்டிதான்! ஒலி மயக்கத்தில் இரு குடும்பங்களும் அங்கேயே ஒரு கூரையின்கீழ் வந்துவிட்டன. அவர்கள் வாயிலாக ஆங்கிலத்துக்குச் சென்ற இந்தக் 'காஷ்' சில்லறை நாணயத்தின் பெயர் மட்டுமே. சீனத்தின் நடுவில் துளையிட்ட செப்பு நாணயத்தையும் ஐரோப்பியர் இப்பெயராலேயே அழைத்தனர். சீனர் அதை ஒருபோதும் அப்படி அழைத்ததில்லை.

சென்னையில் 1818 வரை 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்பது கணக்கு. நம் 'பணம்' ஆங்கிலேயரின் ஏடுகளில் 'ஃபனம்' ஆயிற்று. திருவிதாங்கூரில் காசு 1949 வரை புழங்கியது.

கம்பெனியார் சென்னை மாகாணத்துக்கென இங்கிலாந்தின் பர்மிங்காமிலேயே செப்புக்காசு அச்சடித்தனர். 1808ஆம் ஆண்டு பொறித்த அக்காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் கென்ற் கரையருகே குட்வின் மணற்றிட்டில் சிக்கி மூழ்கிற்று. 1980களில் சுழியோடிகள் அவற்றைப் பெருந்தொகையாக மீட்டெடுத்தார்கள். பத்துக் காஷ், இருபது காஷ் என்று ரோம இலக்கத்தோடு ஆங்கில எழுத்தில் பொறித்திருக்கிறது. அந்தக் 'காஷ்' பெட்டியிலிருந்து வந்ததல்ல.