நீங்கிய சொற்களும் சேராத சொற்களும்: ஆஸ்திரேலியத் தொல்குடியினர் குறித்த இரு பொதுவாக்கெடுப்புகள் (1967, 2023)

ஆஸ்திரேலியத் தொல்குடியினருக்கும் டோரஸ் நீரிணைத் தீவினருக்கும் ‘குரல்’ என்னும் ஆலோசனை அவையொன்றை அரசமைப்புச் சட்டத்தில் இடம்பெறச் செய்யும் முன்மொழிவு 2023 அக்டோபர் 14 அன்று தோல்வியுற்றது. ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் மறுத்தனர்; ஆறு மாநிலங்களிலும் மறுப்பே மேலோங்கியது. 1967 மே 27 வாக்கெடுப்பிலோ 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் தொல்குடியினர் தொடர்பான திருத்தத்தை ஏற்றிருந்தனர். இடைப்பட்ட 56 ஆண்டுகளில் மக்கள் மனம் மாறிற்று என்று கூறிவிடுதல் எளிது. ஆயின் இரு வாக்கெடுப்புகளும் எழுப்பிய வினாக்கள் ஒன்றல்ல.

1967ஆம் ஆண்டுத் திருத்தம் சொற்களை நீக்கியது. மக்கள்தொகையைக் கணிக்கும்போது தொல்குடியினரைச் சேர்க்கலாகாது என்ற 127ஆம் பிரிவு அகன்றது. எவ்வினத்தவர்க்கும் தனிச்சட்டம் இயற்றும் அதிகாரத்தைக் கூட்டரசு நாடாளுமன்றத்திற்கு அளித்த 51ஆம் பிரிவின் 26ஆம் உட்பிரிவு, மாநிலங்களில் வாழ்ந்த தொல்குடியினரை மட்டும் விலக்கியிருந்தது; அவ்விலக்கும் நீங்கிற்று. வாக்குரிமை கிடைத்த ஆண்டு என 1967ஐப் பலர் நினைவுகூர்வது பிழை. கூட்டரசுத் தேர்தல்களில் அவ்வுரிமை 1962லேயே முழுமையாக வழங்கப்பட்டது. நாடாளுமன்றத்தில் எவரும் எதிர்த்து வாக்களிக்காமையால், வாக்காளர்க்கான அரசுக் கையேட்டில் மறுதரப்பு வாதம் அச்சேறவே இல்லை.

குடிமக்களை இனத்தால் பிரிக்கலாகாது என்பது 2023இல் மறுதரப்பினரின் முதன்மை வாதம். 1967 ஈந்ததோ இனத்தின் பெயரால் சட்டம் இயற்றும் அதிகாரமே என்பது அவ்விவாதத்தில் போதிய அளவு பேசப்படவில்லை. அவ்வதிகாரம் தொல்குடியினர்க்கு நன்மை பயக்கவே பயன்பட வேண்டுமா என்ற வினா ஹிண்ட்மார்ஷ் தீவுப் பால வழக்கில் எழுந்தது. 1998இல் உயர் நீதிமன்ற நீதிபதிகள் அதில் ஒருமித்த விடைக்கு வரவில்லை. 1990இல் செயற்படத் தொடங்கிய தொல்குடியினர் பேராணையத்தை நாடாளுமன்றம் 2005இல் ஒரு சட்டத்தால் கலைத்தது. எளிதிற் கலைக்கவியலாத அவை வேண்டும் என்று 2017இல் உலுரு அறிக்கை கேட்டதற்கு இப்பட்டறிவும் ஒரு காரணம்.

கோரிக்கை அதனினும் பழையது. யோர்ட்டா யோர்ட்டா இனத்தவரான வில்லியம் கூப்பர், நாடாளுமன்றத்தில் தம் மக்களுக்கென ஓர் உறுப்பினர் வேண்டும் என 1930களில் மன்னருக்கு மனு திரட்டினார். 1,800க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட அம்மனுவை அனுப்புவதில்லை என்று 1938இல் அமைச்சரவை முடிவு செய்தது.

தொல்குடியினர் அனைவரும் ஒரே நிலையில் நின்றாரல்லர். மேலவை உறுப்பினர் ஜசிந்தா பிரைஸ் இனவேற்றுமை பாராட்டுவதாகக் கூறி எதிர்த்தார். லிடியா தோர்ப், அதிகாரமற்ற ஆலோசனை அவையினும் இறையாண்மையை ஏற்கும் ஒப்பந்தமே முதலில் வேண்டும் என்றார். முரண்பட்ட இவ்விருவரையும் ஒரே எண்ணிக்கையில் அடக்கியது வாக்குச்சீட்டு. வடக்கு ஆட்புலத்தின் தொலைதூரத் தொல்குடிக் குடியிருப்புகளிலோ ஆதரவே பெரிதும் மிகுந்திருந்தது.

தெற்கு ஆஸ்திரேலியா 2023 மார்ச்சிலேயே தனக்கென ஒரு ‘குரல்’ அவையைச் சட்டத்தால் நிறுவி, 2024 மார்ச்சில் அதற்குத் தேர்தலும் நடத்தியது. அதுவும் 2005இல் கலைக்கப்பட்ட பேராணையத்தைப் போன்றே, சாதாரணச் சட்டமொன்றால் அமைந்தது.