நித்திரைச் சுவாசத் தடைச் சிகிச்சையில் வாய் உலர்தல்

1981-ல் ஆஸ்திரேலிய வைத்தியர் காலின் சல்லிவன் நித்திரைச் சுவாசத் தடைக்கென வெளியிட்ட சீபேப் (CPAP) முறையில், மூக்கின் வழியே இடைவிடாது செலுத்தப்படும் காற்றழுத்தம் தொண்டையைத் திறந்து வைக்கிறது. ஆயினும் மூக்கடைப்பினாலோ பழக்கத்தினாலோ உறக்கத்தில் வாய் திறந்துகொள்ளுமாயின், அக்காற்று வாய்வழியே கசிந்து உமிழ்நீரை வற்றச்செய்ய, நோயாளி நா அண்ணத்தோடு ஒட்டிக்கொண்ட நிலையில் விழித்தெழுகிறார். காற்றை வெதுவெதுப்பாக்கி ஈரமூட்டும் நீர்க்கலமே முதற்பரிகாரம். ஆவடி போன்ற புறநகர்களில் கோடை இரவைக் குளிர்சாதன அறையில் கழிப்போர்க்கு அது பெரிதும் வேண்டுவதாம். ஆழ்துளைக் கிணற்று நீரை அதில் ஊற்றினால் உப்புப் படியுமாதலால், காய்ச்சி வடித்த நீரையே ஊற்றி, கலத்தைத் தினந்தோறும் கழுவி உலர்த்துதல் அவசியம். மூக்கடைப்புக்கு மருந்து, மோவாய்ப் பட்டை, வாயையும் சேர்த்து மூடும் முகக்கவசம் ஆகியன அடுத்த உபாயங்கள். மூக்கடைப்புள்ளோர் ஒட்டுப்பட்டையால் வாயை மூடிக்கொள்வது அபாயகரமானது. உலர்ச்சிக்கு அஞ்சி உபகரணத்தையே கைவிட நினைப்போர், அதற்குமுன் தம் வைத்தியரைக் கலந்தாலோசிப்பாராக.