கந்தோரும் ஆலையும்

ஒரு நாட்டு மக்கள் செய்யும் தொழில்களைப் பொருளியல் நூலோர் மூன்று துறைகளாக வகுப்பர். நிலத்திலிருந்தும் கடலிலிருந்தும் பொருளை நேரே பெறுவது முதலாவது. பெற்ற பொருளை ஆலையிலும் பட்டறையிலும் உருமாற்றுவது இரண்டாவது. ஏற்றுதல், இறக்குதல், விற்றல், கணக்கெழுதல், கற்பித்தல் முதலிய பணிகளெல்லாம் மூன்றாவது. நாடு வளர வளர, மக்கள் வயலை விட்டு ஆலைக்கும் பின்னர் ஆலையை விட்டுக் கந்தோருக்கும் நகர்வர் என்று அல்லன் ஃபிஷர் 1935 இலும் கொலின் கிளார்க் 1940 இலும் நூல் எழுதினர். மேனாடுகளின் கணக்கு அதற்குச் சான்றாக நின்றது. ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நாம், எமது பெரியோர் செய்த தொழில்களைச் சற்று எண்ணிப் பார்ப்போமாயின், அந்த ஒழுங்கு இங்கே நிகழவில்லை என்பது விளங்கும். தோட்டக் காணியிலிருந்து நேரே கந்தோருக்கு வந்தவர்கள் நாம். நடுவிலிருக்க வேண்டிய படி எமக்கு இருக்கவில்லை. அது ஏன் இல்லாது போயிற்று, அதனால் விளைந்தது யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்றுள்ள கொழும்பை உண்டாக்கியது மலைநாடு எனலாம். கோப்பியும், அது நோயால் அழிந்த பின் தேயிலையும் மலையிலிருந்து கப்பலுக்கு வந்து சேர வேண்டியிருந்தது. அதற்காகவே 1867 இல் கண்டிக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. அதுவரை பெருங்கப்பல்கள் தங்கிய இடம் காலித் துறை. 1869 இல் சூயஸ் கால்வாய் திறந்து கப்பற் போக்குவரத்துப் பெருகவே, கொழும்புக்கு ஓர் அலைதடுப்புச் சுவர் தேவையாயிற்று. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வேர்ட் மன்னரானவர், அதற்கு முதற்கல் வைத்தார். 1885 இல் அச்சுவர் நிறைவெய்தியது. அதன் பின்னர் அவுஸ்திரேலியாவுக்கும் தூரகிழக்குக்கும் செல்லும் கப்பல்கள் நிலக்கரி ஏற்றும் நிலையமாகக் கொழும்பு ஆயிற்று. தேயிலைப் பெட்டி இறங்கும் வண்டி, அரிசி மூட்டை ஏறும் வண்டி, கரிக்கூடை சுமக்கும் முதுகு ஆகிய இவையே துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனைக்கும் சுற்றுப்புறங்களுக்கும் சோறு போட்டவை. சுமந்தவர்களிற் பெருந்தொகையினர் தமிழகத்திலிருந்தும் மலையாளத்திலிருந்தும் வந்தவர்கள்.

பணமும் இவ்வழியே ஓடிற்று. ஆங்கில வங்கிகள் உள்ளூர் வியாபாரிக்குக் கடன் கொடுக்க முன்வரவில்லை. செட்டியார் தெருவிலிருந்த நாட்டுக்கோட்டைச் செட்டிமார் அவ்வங்கிகளிடம் வாங்கி இவர்களுக்குக் கொடுத்தனர். இக்குறையை ஆராய 1934 இல் வங்கி ஆணைக்குழு ஒன்று அமைந்து, 1939 இல் இலங்கை வங்கி தோன்றிய வரை, இந்நாட்டு வியாபாரம் பெரும்பாலும் அவர்கள் ஏட்டுக் கணக்கிலேயே நடந்தது.

ஈண்டு ஒன்றைக் கவனிக்க வேண்டும். துறைமுகம், புகையிரதம், வட்டிக்கடை, ஏற்றுமதிக் கந்தோர் யாவும் மூன்றாம் துறையைச் சேர்ந்தவை. ஆயினும் அவை இரண்டாம் துறையின்மேல் எழுந்தவையல்ல. தோட்டத்தின் மேலேயே எழுந்தவை. தேயிலையைப் பதனிடும் ஆலைகள் மலையில் இருந்தன. யந்திரங்களைப் பழுது பார்க்கும் பட்டறைகளும் கொழும்பில் இருந்தன. அவற்றுக்கப்பால், உடுக்கும் துணி முதல் உபயோகிக்கும் யந்திரம் வரை கப்பலில் வந்தன. எமக்குரிய நடுப்படி இங்கிலாந்தின் லங்காஷயரில் இருந்தது என்று சொன்னாற் பிழையில்லை.

இந்தக் கந்தோர்களுக்கு இலிகிதர் தேவைப்பட்டனர். 1816 முதல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் பாடசாலைகள் நடத்தினர். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கிற்று. ஆறில்லாத நாட்டில், கிணற்று நீரிறைத்துப் புகையிலை வளர்த்த குடும்பங்களுக்கு ஆங்கிலம் இரண்டாவது கிணறாக வாய்த்தது. சிலர் மலாயாவுக்குக் கப்பலேறினர். 1905 இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முடிந்த பின் கொழும்புக்கு வந்தோர் பலர். கோட்டைக் கந்தோர்களுக்குக் கரையோரப் புகையிரதத்திற் போய்வர வெள்ளவத்தை வசதியாயிருந்தது. மாதச் சம்பளம், முடிவில் பென்சன் என்ற இவ்விரண்டையும் போன்ற உறுதியை நிலமும் கொடுக்கவில்லை, கடையும் கொடுக்கவில்லை. ஆகவே 'உத்தியோகம்' என்ற சொல் எம்மவரிடையே தொழில் என்பதன் பொருளையே விழுங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தான் இயல்பிலேயே இலிகிதன் என்று சிலர் ஏளனஞ் செய்வதும், சிலர் அதையே பெருமையாய்ப் பேசுவதும் உண்டு. இரண்டும் வரலாறு அறியாப் பேச்சு. திறந்திருந்த கதவு அது ஒன்றே. அதன் வழியே நுழைந்தனர். மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி 1893 முதல் இருந்தும் எமது வீடுகளில் அதன் பெயர் அதிகம் அடிபட்டதில்லை. மிஷன் பாடசாலையிற் பயின்ற நாமும் அவ்வச்சில் வார்க்கப்பட்டவர்களே. ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதக் கற்பித்தார்கள். ஆணியடிக்க எவரும் கற்பிக்கவில்லை.

இத்தனைக்கும் வெள்ளவத்தையிலேயே ஓர் ஆலை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய வெள்ளவத்தை நூற்பு நெசவாலை நாட்டின் மிகச் சில பெரிய ஆலைகளுள் ஒன்று. 1930 களின் தொடக்கத்தில் அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தனர்; அவருட் பெரும்பான்மையோர் மலையாளிகள். எமது இலிகிதக் குடும்பங்கள் அவ்வாலைக்கு மிக அருகில் வாழ்ந்தும் அதனை வேறோர் உலகமாகவே கருதின. 1933 இல், உலகப் பொருளாதார மந்தம் கடுமையாயிருந்த காலத்தில், அங்கே பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. 1923 இற் பொது வேலைநிறுத்தத்தையும் 1929 இல் ட்ராம் வேலைநிறுத்தத்தையும் நடத்திப் புகழ்பெற்றவர் ஏ. ஈ. குணசிங்கா. அவரே இம்முறை வேலைநிறுத்தக்காரருக்கு எதிராக நின்றார். மலையாளிகள் சிங்களவரின் வேலையைப் பறிக்கிறார்கள் என்பது அவர் அக்காலத்திற் செய்த பிரசாரம். தொழிலாளர் பக்கம் நின்றவர்கள் கொல்வின் ஆர். டி சில்வா முதலிய வாலிபர்கள். கொல்வினுக்கு அப்போது வயது இருபத்தாறுக்கு மேலில்லை. இவ்வாலிபர்களே 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தனர். இன்று வாலிபர் சங்கங்களில் இருப்போர் இதை அறிந்திருப்பது நன்று.

அந்த வேலைநிறுத்தத்தில் வெளிப்பட்ட கணக்கு மிக எளிது. வேலை குறைவு, ஆட்கள் அதிகம். புதிய வேலையை உண்டாக்குவதிலும், வேலையில் இருப்பவன் யார் என்று பார்ப்பது இலகு. 1939 இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியர் பலர் நீக்கப்பட்டனர். நேரு அவர்கள் நேரில் வந்து பேசியும் பயனில்லாது போகவே, இந்திய அரசாங்கம் தொழிலாளர் இங்கு வருவதைத் தடைசெய்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. இவற்றை எமது இலிகித வர்க்கம் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. தமிழ்த் தலைவர்களிலே சிலர் அச்சட்டத்தை எதிர்த்தனர், சிலர் பின்னர் அவ்வரசாங்கத்திலேயே மந்திரியாயினர். 1956 இல் அதே கணக்கு எமது கந்தோர் வாசலுக்கு வந்தது. 33 ஆம் இலக்க அரசகருமமொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியபோது, ஒரே கதவை நம்பியிருந்தோர்க்கு அக்கதவு சாத்தப்பட்டது. அது நீதியற்ற செயல் என்பதில் எமக்கு ஐயமில்லை. எனினும் மொழிப் பகைமையை மட்டும் காரணமாகக் கூறி அமைவது போதாது. 1950 களில் ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தேயிலை, இறப்பர், தெங்கு மூன்றிலிருந்தும் வந்தது. படித்தவர் தொகையோ ஆண்டுதோறும் ஏறிற்று. பங்கிட இருந்த உத்தியோகங்கள் அம்மூன்று பயிர்களின் விலையைத் தாண்டி வளர வழியில்லை.

சிங்கள வாலிபனுக்கும் அக்கதவு நெடுங்காலம் திறந்திருக்கவில்லை என்பது பின்னர் தெரிந்தது. 1971 இல் டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் தாபனக் குழு, ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலையற்றிருப்பதைக் கண்டது. கல்வி தூண்டும் எதிர்பார்ப்புக்கும் நாட்டிலுள்ள வேலைக்கும் பொருத்தமில்லை என்றது அதன் அறிக்கை. அவ்வாண்டு ஏப்ரலில் தென்னிலங்கையின் படித்த வாலிபர் ஆயுதமெடுத்தது அனைவரும் அறிந்ததே.

கந்தோரை இழந்த தமிழரிற் சிலர் வியாபாரத்திலும் கைத்தொழிலிலும் இறங்கி முன்னேறினர். இல்லாதிருந்த நடுப்படியை அவர்களே கட்டத் தொடங்கினர் எனலாம். 1983 ஜூலையில் கொழும்பில் எரிந்தவற்றுள் அவர்களுடைய கடைகளும் தொழிற்சாலைகளும் அடங்கும். அவற்றில் வேலை செய்த சிங்களத் தொழிலாளரும் மறுநாள் வேலையற்று நின்றனர். பலர் கடல் கடந்தனர்.

1977 இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு, 1978 இற் கட்டுநாயக்காவில் வர்த்தக வலயம் ஏற்பட்ட பின், ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. அங்கே தையல் யந்திரத்தின் முன் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். அதைவிடப் பெரிய மாற்றம், உழைப்பே ஏற்றுமதிப் பொருளானது. 2023 இல் வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பிய பணம் ஏறத்தாழ 600 கோடி டொலர். இன்று நாட்டில் வேலை செய்வோரில் ஏறக்குறைய நாலில் ஒருவர் விவசாயத்திலும், நாலில் ஒருவர் கைத்தொழிலிலும், எஞ்சியோர் சேவைத்துறையிலும் இருக்கின்றனர். விவசாயத்திலுள்ள அந்நாலிலொருவர் பெறுவது தேசிய உற்பத்தியிற் பத்திலொரு பங்குக்கும் குறைவு. 2020 இல் அரசாங்கம் பல்லாயிரம் வேலையற்ற பட்டதாரிகளை ஒரேயடியாகச் சேர்த்துக்கொண்டது. 2022 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென அறிவித்த பின் அந்த வாசலும் ஒடுங்கிற்று.

வெள்ளவத்தை ஆலை இப்போது இல்லை. ஹவ்லொக் வீதியில் அது நின்ற நிலத்தில் மாடிக் குடியிருப்புகளும் கடைத்தொகுதியும் ஒரு கந்தோர்க் கோபுரமும் எழுந்துள்ளன. ஹவ்லொக் சிற்றி என்பது அவ்விடத்தின் பெயர்.