சரக்கு இல்லாத நகைக்கடை



"சார், வேலையை விட்டுட்டு, சரக்கே வாங்கி வைக்காம ஆன்லைன்ல விலை உயர்ந்த பொருள் விக்கலாமா?" என்று பழைய மாணவன் ஒருவன் கேட்டான்.

விற்றவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1999-இல் தொடங்கிய புளூ நைல், ஆர்டர் வந்த பிறகே வியாபாரிகளிடம் வைரம் வாங்கியது. நம் சென்னையில் 2008-இல் மிதுன் சச்செட்டி தொடங்கிய கேரட்லேனும் ஆர்டர் வந்தபின் நகை செய்து கொடுத்தது. 2016-இல் டைட்டன் அதன் பெரும்பங்கை வாங்கியது.

என் அம்மாவுக்குக் கம்மல் செய்த பத்தரும் முன்பணம் வாங்கித்தான் தங்கம் எடுத்தார். ஆனால் அவர் வீடு எங்களுக்குத் தெரியும். முகம் தெரியாத கடைக்கு அந்த நம்பிக்கையைத் தந்தவை தரச்சான்றிதழும், பிடிக்காவிட்டால் திருப்பித் தரும் வசதியும்தான்.

தம்பி, சரக்கு இல்லாமல் தொடங்கலாம். பொருள் போய்ச் சேரும்வரை கையிலிருப்பது அடுத்தவர் பணம். அதை மட்டும் மறந்துவிடாதே.