கல்லூரி மாணவர் கற்றல் ஆதரவு (திருவனந்தபுரம்)

படிப்பில் பின்தங்கும் மாணவரைக் கண்டறிந்து, பட்டம் பெறும்வரை துணைநிற்கக் கல்லூரிகள் செய்யும் ஏற்பாடு. கேரளத்தில் அரசு, அரசு உதவிபெறும் கலை, அறிவியல் கல்லூரிகளில் இதைக் கல்லூரிக் கல்வித் துறை நடத்துகிறது.

இந்த ஏற்பாடு ஏன் தேவை என்பது பழைய கல்விமுறையோடு ஒப்பிட்டால் புரியும். திருவனந்தபுரத்தில் சாலை என்ற பெயருள்ள பகுதியை ஒட்டிய வலியசாலையில்தான் பழைய காந்தளூர்ச் சாலை என்ற கல்விநிலையம் இருந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் பார்த்திவசேகரபுரத்தில் நிறுவிய சாலை, காந்தளூரின் மரபைப் பின்பற்றியது. அங்கே 95 சட்டர்கள், அதாவது மாணவர்கள், உணவும் உறைவிடமும் பெற்றுப் படித்தனர். ஆனால் இலக்கணம் முன்பே அறிந்தவர்க்கே அனுமதி. இன்றைய அரசுக் கல்லூரி அப்படி வாசலிலேயே சலித்தெடுப்பதில்லை. வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வருபவரும் அங்கே சேர்கிறார். ஆகவே அதன் பொறுப்பு சேர்க்கைக்குப் பிறகே தொடங்குகிறது.

கல்லூரிக் கல்வித் துறையின் ‘ஸ்காலர் சப்போர்ட் புரோகிராம்’ (எஸ்.எஸ்.பி.) இதற்கானது. நன்றாகப் படிப்பவர்களுக்கு ‘வாக் வித் எ ஸ்காலர்’ என்று தனித்திட்டம் உண்டு. எஸ்.எஸ்.பி.யில் மதிப்பெண்களைக் கொண்டு மாணவரைத் தேர்ந்தெடுத்து, கூடுதல் வகுப்பு, சிறு குழுப் பயிற்சி, பாடக்குறிப்பு, வினாவங்கி ஆகியவற்றைத் தருகிறார்கள். கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் அமைப்பும், மெல்லக் கற்போருக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவந்திருக்கிறது.

மதிப்பெண்ணை மட்டும் நம்பினால் உதவி தாமதமாகும். செமஸ்டர் முடிவு வரும்போது பாதி ஆண்டு போய்விட்டிருக்கும். வருகைப்பதிவு குறைவது, அசைன்மென்ட் வராமல் போவது, வகுப்பில் வாய் திறவாதிருப்பது ஆகியவை வாரங்களுக்கு முன்பே தெரியும் அறிகுறிகள். இவற்றைக் கவனிக்க வகுப்பு டியூட்டரால்தான் முடியும். மெல்லக் கற்பவர் என்ற பெயரும் பல நேரம் தவறானது. தமிழ் வழியில் படித்த ஒரு மாணவி ஆங்கிலத்தில் நடக்கும் பொருளியல் வகுப்பில் திணறினால், அவளுக்குத் தடையாக இருப்பது மொழி. பொருளியலையே மீண்டும் அதே ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுப்பதால் அவளுக்குப் பயனில்லை. தமிழர் பல தலைமுறைகளாக வணிகம் செய்துவரும் சாலைப் பகுதிக்கு இது அயலான சிக்கலன்று.

மனச்சோர்வு, வீட்டு நெருக்கடி, பணமுடை ஆகியவையும் மதிப்பெண்ணைக் குறைக்கும். இத்தகைய நெருக்கடியில் உள்ள மாணவருக்காகக் கல்லூரிக் கல்வித் துறையே ‘ஜீவனி’ என்ற உளநல ஆலோசனைத் திட்டத்தை அரசுக் கல்லூரிகளில் தொடங்கியது. அதில் பயிற்சிபெற்ற உளவியலாளர்கள் கல்லூரியிலேயே மாணவர்களைச் சந்திக்கிறார்கள்.