ஓர் உரைநடை பிறந்த கதை

1880ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் புதிதாகத் தமிழாசிரியரான உ.வே.சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்றார் முதலியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவராயிற்றே! அந்தாதி, உலா, கோவை, பிள்ளைத்தமிழ் என்று அடுக்கினார். முதலியார் முகத்தில் மாற்றமே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை. பிறகு சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்று ஐயர் கைக்கு வந்தது. முதலியாருக்குப் பாடம் சொல்வதற்காகவே அவர் அதைப் படிக்க வேண்டியதாயிற்று.

அதுவரை அவர் படித்ததற்கும் இதற்கும் வெகு தூரம். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு தெரியாது. எகர ஏகாரம் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே அடியை நாலு விதமாகப் படிக்கலாம். எது சரி என்று யாப்பும் பொருளும் உரையும் சேர்ந்து சொல்ல வேண்டும். உரை எழுதிய நச்சினார்க்கினியரோ பழைய நூல்களிலிருந்து அடிகளை எடுத்துக்காட்டுவார், நூலின் பெயரைச் சொல்லமாட்டார். அந்த அடிகளைத் தேடித்தான் ஐயர் சங்க நூல்களின் ஏடுகளுக்குள் நுழைந்தார். சிந்தாமணி சமணக் காப்பியம்; அதன் சமயச் செய்தி விளங்காத இடங்களில் ஊரிலிருந்த சைனர் வீடுகளுக்குப் போய்க் கேட்டார். ஒரு சொல்லுக்காக நாள்கணக்கில் காத்திருக்கும் பொறுமை அப்படி வந்தது.

1887இல் அவர் பதிப்பித்த சிந்தாமணி அச்சானது. ஆனால் அவருடைய உரைநடை முழுதாகப் பிறந்தது 1898இல் வந்த மணிமேகலைப் பதிப்பில்தான் என்பது என் கணிப்பு. அந்தக் காப்பியத்துக்குப் பழைய உரை கிடையாது. அரும்பதங்களுக்கு அவரே உரை எழுத வேண்டும். தமிழ் வாசகருக்குப் பௌத்தமும் பழக்கமில்லை. உடன் பணியாற்றிய ரங்காசாரியாரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்து, புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் என்று தாமே எழுதிச் சேர்த்தார். பிறர் எழுதியதை எழுத்தெழுத்தாகப் பார்த்த கண், தம் வாக்கியத்தையும் அப்படியே பார்த்தது. எந்தச் சொல் பொருளைத் தரும், எது வெறுமனே இடத்தை அடைக்கும் என்பது அதற்குள் கைவந்திருந்தது. பண்டிதத் தமிழின் சோடனை அங்கே உதிரத் தொடங்கிவிட்டது.

பின்னால் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை எழுதியபோது, ஏடுகளை ஒப்பிட்டுப் பழகிய அதே கவனத்தோடு கடிதங்களையும் பழகியவர்களின் நினைவுகளையும் திரட்டினார். 1940இல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ தொடங்கியதும், ஏட்டின் பக்கமே போகாத வாசகர்களும் வாராவாரம் அவரைப் படித்தார்கள். யார் வந்தார், எங்கே உட்கார்ந்தார், என்ன கேட்டார் என்று சொல்லிக்கொண்டே போவார். உணர்ச்சியை விளக்க நிற்கமாட்டார்.

அந்த நூலைப் பாராட்டாதவர் இல்லை. ஆனாலும் எழுதப் பழகும் இளையவர்களுக்கு ‘என் சரித்திர’த்துக்கு முன்பே ‘புத்த சரித்திர’த்தைத்தான் நான் எடுத்துக் கொடுப்பேன். அதைப் படித்துவிட்டு, மணிமேகலைக்கு அவர் எழுதிய அரும்பதவுரையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன்.